வழுக்கிச் செல்லும் சிறுதேர்

ரிமோட் காரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாள் ஒன்று வரும் என்று நாம் நினைத்ததில்லை. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் பிள்ளைத்தமிழும் பரணியும் நடத்தி வருகிறோம். வாகனம் என்ற வகையில் நம்மிடம் இருப்பது பழைய ஸ்கூட்டர் ஒன்று. மழைக்காலத்தில் அது வழுக்கிவிடுமோ என்று அஞ்சி, காலைத் தரையில் உரசியபடியே ஓட்டுவது நம் வழக்கம். அப்படிப்பட்ட நாம், வேண்டுமென்றே வழுக்குகிற வண்டி ஒன்றைத் தேடி மூன்று மாதம் அலைந்தோம். டிரிஃப்ட் கார் என்கிறார்கள். முதல்முறையாக வாங்குகிறவர் எதைத் தேர்வது என்று ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள்; தமிழில் நம் கண்ணில் படவில்லை. இலக்கியம் படிக்கிற இடத்தில் இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2023 மே மாதம் மகனுக்குப் பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. அன்று வீட்டுக்கு வந்திருந்த உறவினர் முன்னிலையில், "தமிழ் வாத்தியார் பையன், தமிழ்லயே அறுபத்தெட்டு" என்று சொல்லிவிட்டோம். சிரித்துக்கொண்டுதான் சொன்னோம். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் அவன் பேசும் மொழி 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது. மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிற நமக்கு, ஒரே கூரையின் கீழ் இருக்கும் பதினாறு வயதுப் பையனிடம் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை. எட்டு மாதம் இப்படியே போயிற்று.

2024 சனவரியில் ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனாகவே கேட்டான். "அப்பா, ஒரு டிரிஃப்ட் கார் வாங்கலாமா? சின்னதுதான்."

இங்கே நாம் செய்த தவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். எந்தக் கார், என்ன வகை என்று ஒரு வார்த்தை கேட்காமல், மறுநாளே கடைவீதிக்குப் போய் வாங்கி வந்துவிட்டோம். அந்த ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சிக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். பெட்டியின் மேல் சிவப்பு நிறக் கார் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது; 'டிரிஃப்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "சார், சும்மா பறக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

உண்மையிலேயே பறந்தது. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே பாய்ச்சல். திருப்பினால் முழு இடம் அல்லது முழு வலம். நடுவே எதுவும் இல்லை. மெத்தென்ற ரப்பர்ச் சக்கரங்கள் தரையைக் கவ்விப் பிடித்ததால் வழுக்குவதற்குப் பதிலாகக் குப்புற விழுந்தது. மகன் ஐந்து நிமிடம் ஓட்டினான். "பரவால்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு அறைக்குள் போனான். என்ன வாங்கி வந்திருக்கிறாய் என்று அவன் சண்டை போட்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து, அலமாரியிலிருந்து அதைக் கீழே எடுத்து அவன் முன்னால் வைத்து, "இதுல என்ன இல்லைன்னு சொல்லு. எனக்குப் புரியல" என்றோம். சிறிது நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பேசத் தொடங்கினான். முக்கால் மணி நேரம் பேசினான். அன்று அவன் சொன்னதும், பிறகு நாமாகப் படித்தும் கேட்டும் அறிந்ததும் சேர்ந்ததே இனி வருவது.

டிரிஃப்ட் என்பது, வளைவில் காரின் பின்பக்கம் பிடியிழந்து வெளியே தள்ளிக்கொண்டு போக, ஓட்டுநர் முன்சக்கரங்களை வளைவுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, ஆக்சிலரேட்டரை விடாமலும் மிகாமலும் வைத்து, அந்தப் பிடியிழந்த நிலையிலேயே வண்டியை நடத்திச் செல்வது. ஜப்பானில் வளர்ந்த கலை இது. 1961 இல் மேற்கு ஜெர்மனியின் ஹோக்கன்ஹைமில் வென்று, உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயத்தில் வாகை சூடிய முதல் ஜப்பானியர் குனிமிட்சு தகஹாஷி. அவர் பின்னர் கார்ப் பந்தயத்துக்கு வந்து, 1970களில் வளைவுகளில் வண்டியை வழுக்கவிட்டே ஓட்டினார். அதைப் பார்த்துக் கற்றவர் கெய்ச்சி சுச்சியா. மலைப்பாதைகளில் பழகியவர், 'டிரிஃப்ட் அரசர்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. 1995 முதல் 2013 வரை வெளிவந்த 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியப் படக்கதை இதை உலகமெங்கும் கொண்டுசென்றது. எழுதி வரைந்தவர் ஷூயிச்சி ஷிகெனோ.

அந்தக் கதையை மகன் சொல்லக் கேட்டோம். தந்தைக்கு டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் கடை. பள்ளியில் படிக்கும் மகன், விடியுமுன் பழைய டொயோட்டா காரில் மலைமேல் இருக்கும் விடுதிக்குச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். தந்தை கோப்பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி வண்டியில் வைத்துவிடுவார். தண்ணீர் சிந்தக் கூடாது. வேறு எந்தப் பாடமும் அவர் நடத்துவதில்லை. "அவரு பேசவே மாட்டாருப்பா" என்றான் மகன். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

டிரிஃப்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று உடனே ஆராய்ச்சியில் இறங்கினோம், தொழில் புத்தி. சறுக்கல் என்றால் தோல்வி என்ற பொருளும் ஒட்டிக்கொள்கிறது. வழுக்கல் என்றால் வழு நினைவுக்கு வருகிறது. இழுக்கல் என்ற சொல்லை வள்ளுவர் வழுக்கு நிலத்துக்கு ஆள்கிறார். ஆனால் இழுக்கு என்பது இன்று அவமானம். நமக்குத் தெரிந்த சொற்களெல்லாம் வழுக்குவதைக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. தெரிந்தே, அழகாக வழுக்குவதற்கு ஒரு சொல் சிக்கவில்லை. "டிரிஃப்ட்னே சொல்லிட்டுப் போப்பா" என்றான். அதில் நியாயம் இருந்தது.

இனி வண்டிக்கு வருவோம். அலமாரிக்கு மேலே போன காரில் இல்லாத முதல் பொருள், அளவான கட்டுப்பாடு. மலிவான பொம்மைகளில் திருப்புதல் என்பது உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை. மின்விசைப் பொத்தானைப் போல. டிரிஃப்டுக்கு உரிய வண்டியில், ரிமோட்டின் சிறு சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவுதான் முன்சக்கரம் திரும்பும். விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் ஓடும். கடையில் வேறெதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுவிட வேண்டும். பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதற்கு மதிப்பில்லை. ரிமோட்டைக் கையில் வாங்கி மெதுவாகத் திருப்பி, முன்சக்கரம் கூடவே மெதுவாகத் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும். நாம் அன்று பார்க்கவில்லை.

இரண்டாவது, சக்கரம். டிரிஃப்ட் சக்கரம் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனது. ரப்பர் போன்ற பிடி அதில் இருக்காது. முற்காலத்தில் இதைப் பழகியவர்கள் பிவிசி குழாயை வளையமாக அறுத்து ரப்பர்ச் சக்கரத்தின் மேல் மாட்டிக்கொண்டார்களாம். மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பைச் சக்கரத்தில் சுற்றினாலும் ஓரளவு வழுக்கும். நாங்கள் இருவரும் பழைய சிவப்புக் காரில் அதைத்தான் முதலில் செய்துபார்த்தோம். பத்து ரூபாய் டேப்பில் அந்தக் கார் வழுக்கியது. ஆனால் திருப்புதல் முழு இடம், முழு வலம் என்றே இருந்ததால் பம்பரமாகச் சுற்றி நின்றது. பிடியைக் குறைப்பது எளிது. குறைந்த பிடியை ஆள்வதற்குத்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அன்று விளங்கியது.

மூன்றாவதில்தான் எங்களுக்குள் வழக்கு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா, பின்சக்கரம் மட்டும் தள்ளும் வண்டியா? மகனுக்குப் பின்சக்கர வண்டி வேண்டும். ஏனென்றால் உண்மையான டிரிஃப்ட் கார்கள் அப்படித்தான், அந்தப் படக்கதைக் காரும் அப்படித்தான். யொகோமோ நிறுவனத்தின் ஒய்டி-2, எம்எஸ்டி நிறுவனத்தின் ஆர்எம்எக்ஸ் என்று பெயர்களை ஒப்பித்தான். இவற்றில் கைரோ என்ற சிறு கருவி வேண்டும். வண்டியின் பின்பக்கம் திரும்பத் தொடங்கியதுமே அதை உணர்ந்து, நம் கை அசைவதற்குள் முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். கைரோ இல்லாத பின்சக்கர வண்டி, புதிதாகப் பழகுகிறவர் கையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கர வண்டியில் முன்சக்கரங்களும் இழுப்பதால் தடுமாற்றம் குறைவு. விசையை அழுத்தியே வண்டியை நேராக்கிவிடலாம். அழகு குறைவு என்பது மகனின் கட்சி. பார்வைக்கு அவன் சொல்வது சரிதான். ஆனால் முதல் வண்டி, பழகுகிறவனைப் பத்து நிமிடத்தில் சோர்வடையச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது நம் கட்சி. ஒரு வண்டி ஏற்கெனவே அலமாரிக்கு மேலே போயிருக்கிறது அல்லவா?

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களைப் பற்றி இரண்டு வாரம் கணக்குப் போட்டோம். டமியா நிறுவனம் டிடி-02டி என்று டிரிஃப்டுக்கென்றே ஒரு வண்டியைத் தந்திருக்கிறது. நான்கு சக்கர இழுவை, பாகங்களாக வரும், வீட்டில் நாமே பூட்ட வேண்டும். ரிமோட், திருப்பும் மோட்டாரான சர்வோ, மின்கலம், சார்ஜர் எல்லாம் தனி. மேற்கூடு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டில் வரும்; அதற்கு உட்புறமாக வண்ணம் அடிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வரையும் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் போல. அந்த வேலைக்காகவே அதை வாங்கலாம் என்று நமக்கு ஆசை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் முப்பதாயிரத்தைத் தொட்டது. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 இல் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023 இல் 70க்கும் உயர்த்தப்பட்டிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தோம். மகன் தாளை மடித்து வைத்துவிட்டு, "வேணாம்ப்பா" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துச் சொன்னான்.

பணம் இருந்திருந்தாலும் தரை இடம் கொடுத்திருக்காது. பத்தில் ஒரு பங்குக் கார் ஏறத்தாழ இரண்டு சாண் நீளமிருக்கும். ஒரு வட்டம் அடிக்கவே எங்கள் கூடம் போதாது. மொட்டைமாடித் தளம் சொரசொரப்பானது. பிளாஸ்டிக் சக்கரம் கரகரவென்று சத்தம் போட்டபடி தேய்ந்துபோகும், கீழ்வீட்டுக்காரரும் மாடிக்கு வந்துவிடுவார். வண்டியைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும் என்பதே, இதில் நாம் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை. முழங்காலிட்டு உள்ளங்கையைத் தரையில் தேய்த்துப் பாருங்கள். கை தடையில்லாமல் போனால் அங்கே வண்டியும் போகும்.

ஆகவே இருபத்தெட்டில் ஒரு பங்கு. ஒரு சாணுக்கும் குறைவான நீளம். இந்த அளவில் கியோஷோ நிறுவனத்தின் மினி-இசட் 1999 முதல் பெயர் பெற்றது. அதன் விலை எங்களுக்கு எட்டவில்லை. சீனாவின் டபிள்யூஎல் டாய்ஸ் தயாரிக்கும் கே969 எட்டியது. நான்கு சக்கர இழுவை, அளவான கட்டுப்பாடு, 7.4 வோல்ட் மின்கலம். பாகங்கள் தனித்தனியே கிடைக்கும் என்பது பெரிய வசதி. ஒரு பற்சக்கரம் போனால் வண்டியே குப்பைக்குப் போக வேண்டியதில்லை. கெட்டிச் சக்கரம் ஒரு செட், கூடுதலாக ஒரு மின்கலம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. மோட்டார் சாதாரணமானதுதான். வேகமான மோட்டார் போடலாமா என்று நாம் கேட்டபோது மகன் சிரித்தான். சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும், வண்டி வேகமாகப் போக வேண்டியதில்லை என்றான். சும்மா பறக்கும் சார் என்றவர் நினைவுக்கு வந்தார்.

வண்டி வந்த பிறகுதான் எங்கள் கூடத்துத் தரையின் இன்னொரு குணம் தெரிந்தது. வாடகை வீடு; டைல்ஸ் தரை. இரண்டு டைல்களுக்கு நடுவே இருக்கும் கோடு, பெரிய காருக்கு ஒன்றுமில்லை. இந்தச் சிறியதற்கு வாய்க்கால். ஒவ்வொரு கோட்டிலும் துள்ளியது. மகன் முகம் வாடத் தொடங்கியதைக் கண்டு நமக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

மே மாத விடுமுறையில் மனைவியின் ஊருக்குப் போனோம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். வீடு பெரிதன்று, ஆனால் கூடம் முழுவதும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றிச் செய்வது அது. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடும். கால் படப்படப் பளபளப்பு ஏறும். நெருக்கிப் பதித்து ஐம்பது ஆண்டாக நடந்து தேய்ந்த தரையில் கோடு இருப்பதே தெரியவில்லை. மகன் வாசலில் செருப்பைக் கழற்றியதும், பையைக்கூட இறக்கி வைக்காமல், குனிந்து உள்ளங்கையைத் தேய்த்தான். நம்மை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் பத்து நாளும் கூடத்தில் கார் ஓடியது. முதலில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றி வட்டம். பிறகு இரண்டு செம்பு வைத்து எட்டு. வட்டம் கைவர இரண்டு நாள் ஆயிற்று. எட்டில் நடுவே பக்கம் மாறும் இடம் வசப்பட ஐந்து நாள். அங்கே விசையை ஒரு கணம் விட்டு, வண்டி தன் எடையை மறுபக்கம் சாய்க்கும் வரை காத்திருந்து, மீண்டும் அழுத்த வேண்டும். அந்தக் காத்திருப்பை அவன் நமக்கு விளக்கிய விதத்தில், நாம் மாணவர்களுக்குச் சீர் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கும் குரல் இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

மாமியார் முதல் நாள், "மாப்பிள்ளை, கல்லுல கோடு விழுந்துறாதுல்ல?" என்று கேட்டார். விழவில்லை. இரண்டாம் நாள் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் கார் நன்றாகச் சுழன்று வந்துகொண்டிருக்கையில் திடீரென்று தடுக்கி நின்றது. பார்த்தால் அவர் மடியிலிருந்து விழுந்த ஒரு பாக்குச் சீவல். பட்டினப்பாலையில் இப்படி ஒரு காட்சி உண்டு: உலரும் உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண் எறிந்த காதணி தரையில் கிடக்கும்; சிறுவர்கள் குதிரையில்லாமல் உருட்டி வரும் மூன்றுகால் சிறுதேரை அது தடுக்கும். பலமுறை நடத்திய பகுதிதான். செல்வத்தின் சிறப்பு என்று மட்டுமே சொல்லிவந்தோம். தேர் நின்றதும் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை. "அம்மாச்சி, சீவல பாத்துப் போடு" என்று மகன் சிரித்தான்.

எட்டாம் நாள் ரிமோட்டை நம்மிடம் நீட்டினான். நாம் ஓட்டியதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. வண்டி நம்மைவிட்டு விலகிப் போகும்போது ஒருவாறு சமாளித்தோம். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடம் வலமாகிவிடுகிறது. அதுவும் போதாதென்று, வளைவில் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு தலைகீழ். நாற்காலிக் கால், செம்பு, மாமியாரின் வெற்றிலைத் தட்டு என்று வரிசையாக மோதினோம். "கண்ணால வண்டியப் பாக்காதப்பா, நீ உள்ள உக்காந்திருக்கறதா நெனச்சுக்கோ" என்றான். அப்படி நினைத்ததும் ஒரே ஒரு முறை, அரை வட்டம், வண்டி பக்கவாட்டில் நழுவியபடி நம்மை நோக்கி வந்தது. பிறகு நம் காலிலேயே மோதியது. அறுபத்தெட்டுக்கு மேல் தரமாட்டேன் என்றான் அவன்.

நாம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டோம். மொட்டைமாடியில், இருட்டில். அவன் 'ம்' என்றான்.

2025 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போனான். இயந்திரவியல். விடுதி அறையில் தரை சரியில்லை என்று காரை நம்மிடமே விட்டுவிட்டான். ஆனால் மின்கலத்தைப் பற்றி ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தான். லித்தியம் பாலிமர் கலத்தை முழுக்கக் காலியாக விடக் கூடாது; ஒரு கலம் மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். முழுக்க நிரப்பியும் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஓட்டாத நாளில் கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. துணி, புத்தகம் அருகே இருக்கக் கூடாது. ('புத்தகம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.) எழுத்துப்பிழைகள் மூன்று இருந்தன. திருத்தவில்லை.

இதற்கென்று மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். ஞாயிறு இரவு அவன் பேசும்போது, சாப்பிட்டாயா என்று நாம் கேட்பதற்குள், "எவ்ளோ காட்டுதுப்பா?" என்று கேட்கிறான். மேசை விளக்கின் கீழே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சரியாக வைத்து, எண் நிலைக்கும் வரை பார்த்திருந்து சொல்கிறோம். சென்ற வாரம் இரண்டு கலமும் சேர்ந்து 7.6 காட்டியது.